மூன்றாவது நாற்காலி: சியாட்டில் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

சென்னையில் அதிகாலையில் ஏறி, வளைகுடாவில் நான்கு மணி நேரம் காத்திருந்து, பிறகு வட துருவத்தை ஒட்டிய பாதையில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து, இன்று மதியம் சியாட்டில் வந்து சேர்ந்தேன். மகள் ரெண்டனில் இருக்கிறாள். போயிங் நிறுவனம் 737 விமானங்களைக் கட்டும் ஊர் அது. அவளுடைய வீட்டுக்கு வருவதாகச் சொல்லித்தான் விசா வாங்கினேன் என்றாலும், உண்மையில் நான் வந்தது இந்நகரின் விமான அருங்காட்சியகத்தைப் பார்க்கத்தான் என்பது அவளுக்கும் தெரியும்.

மீனம்பாக்கத்தில் ஒரு பழுதுபார்ப்புக் கூடத்தின் இன்ஸ்ட்ருமெண்ட் ஷாப்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உயரம் காட்டும் ஆல்டிமீட்டர், வேகமானி, சாய்வையும் திருப்பத்தையும் உணரும் கைரோ, திசை காட்டும் காம்பஸ் ஆகியவற்றைக் கழற்றி, சோதித்து, மீண்டும் பூட்டுவது என் தொழில். எத்தனையோ காக்பிட்களில், அதாவது விமானிகளின் முன்னறைகளில், மல்லாந்து படுத்து, பேனலுக்கு அடியில் தலையை நுழைத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். ஆனால் பறக்கும் விமானத்தின் காக்பிட்டில் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை.

இன்றைய பயணத்தைப் பற்றி எழுத இரண்டு செய்திகள்தான் உண்டு. என் இருக்கைக்கு மேலிருந்த விளக்கு இரவு முழுவதும் அணைய மறுத்தது. பணிப்பெண் எங்கோ போய் எதையோ இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கண்பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் இன்றைக்கு அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற யார் விடுகிறார்கள்?

இன்னொன்று தண்ணீர் பாட்டில். நடுவானில் குடித்து முடித்து இறுக மூடி வைத்த பிளாஸ்டிக் பாட்டில், தரையிறங்கும்போது தானாகவே நசுங்கி ஒடுங்கியது. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகவே வைக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. ஆக, இந்த மாதிரி நெடும்பயணத்தில் ஊட்டிக்கும் சற்று மேலே உள்ள மெல்லிய காற்றைச் சுவாசித்தபடி, ஆனால் அந்தக் குளிரும் ஈரமும் இல்லாமல், இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறோம். பாட்டிலுக்குள் அடைபட்டிருந்தது அந்தக் காற்றுதான். கடல் மட்டத்துக்கு இறங்கியதும் வெளிக்காற்று அதை நசுக்கிவிட்டது.

இரண்டாம் நாள்

மகள் அலுவலகம் போகும் வழியில் அருங்காட்சியக வாசலில் இறக்கிவிட்டு, "அப்பா, மதியம் ஞாபகமாச் சாப்பிடுங்க, கண்ணாடியைத் தட்டிக்கிட்டே நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அளவுமானியைக் கண்டால் அதன் கண்ணாடியை நடுவிரலால் தட்டிப் பார்ப்பது எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டு கேஸ் ரெகுலேட்டரைக்கூட விட்டதில்லை.

அருங்காட்சியகம் போயிங் ஃபீல்டு என்ற பழைய விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1909இல் கட்டப்பட்ட ஒரு சிவப்பு மரக்கொட்டகையில் போயிங்கின் தொடக்க காலத் தொழிற்சாலை இயங்கியது. அந்தக் கொட்டகையையே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை வேகமாகக் கடந்து, பெருங்கூடத்தில் நிற்கும் போயிங் 80ஏ-1 விமானத்துக்கு முன்னால் போய் நின்றேன். மதியம் வரை அங்கிருந்து நகரவில்லை.

மூன்று எஞ்சின்கள், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடல். இந்த வகையில் உலகில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அலாஸ்காவில் சரக்கேற்றி உழைத்து ஓய்ந்து, ஆங்கரேஜ் நகரத்தின் குப்பைமேட்டில் கிடந்ததை 1960இல் மீட்டெடுத்தார்கள். உள்ளே பதினெட்டுப் பயணிகளுக்குத் தோல் இருக்கைகள், ஆளுக்கொரு படிப்பு விளக்கு, குழாயில் வெந்நீரும் தண்ணீரும். என்னுடைய நேற்றைய விளக்கு நினைவுக்கு வந்தது.

முன்னால் விமானிகளுக்குக் கூரையும் கண்ணாடியும் போட்ட அறை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்கால விமானிகள் பலர் காற்று முகத்தில் அடிக்காமல் விமானம் ஓட்டுவது எப்படி என்று முணுமுணுத்தார்கள். முகத்தில் படும் காற்றை வைத்தே விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்காகவே திறந்த காக்பிட்டுடன் 80பி என்று ஒரே ஒரு விமானத்தைக் கட்டி, பிறகு அதையும் மூடிவிட்டார்கள். பயணிகள் கதகதப்பாகத் தோல் இருக்கையில் அமர்ந்திருக்க, ஓட்டுபவர் மழையில் நனைந்துகொண்டு போக விரும்பினார் என்பதை இன்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

விமானப் பணிப்பெண் என்ற தொழிலும் இந்த வகை விமானத்தில்தான் வடிவம் பெற்றது. எலன் சர்ச் என்ற செவிலியருக்கு விமானம் ஓட்டத் தெரியும். விமானி வேலை கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. பயணிகளின் அச்சம் தீர விமானத்தில் செவிலியரை வைக்கலாமே என்ற யோசனையை அவர் முன்வைக்க, போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்தது. 1930 மே 15 அன்று ஓக்லாண்டிலிருந்து சிகாகோ சென்ற விமானத்தில் அவர் பணியைத் தொடங்கினார். வழியில் பதின்மூன்று இடங்களில் நின்று நின்று, இருபது மணி நேரம் ஆனது. உணவு பரிமாறுவதோடு, தரையில் இருக்கைகளை இறுக்கிய போல்ட்டுகள் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதும், கழிப்பறைக் கதவென்று நினைத்து வெளிக்கதவைத் திறக்கப் போகிறவர்களைத் தடுப்பதும் அந்த முதல் பணிப்பெண்களின் கடமைகளாக இருந்தன.

அன்றைக்குக் காக்பிட்டில் இருவர், கேபினில் ஒருவர். இந்தக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நாளை முதல் ஒவ்வொரு விமானத்திலும் முன்னறை நாற்காலிகளை எண்ணுவதாகத் திட்டம்.

மூன்றாம் நாள்

சாலைக்குக் குறுக்கே ஒரு நடைபாலம். அதைக் கடந்தால், பெரிய கூரையின் கீழே, சுவர் இல்லாத கூடத்தில் பெருவிமானங்கள் நிற்கின்றன. காற்று சில்லென்று உள்ளே வருகிறது. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு போனது நல்லதாயிற்று.

முதலில் பி-17 குண்டுவீச்சு விமானம். இரண்டாம் உலகப்போரில் இதன் விமானிகள், தரையிறங்கிய பிறகு இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடிப்புத் தகட்டை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன. விமானிகளின் கவனக்குறைவு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் ஒரே வடிவத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப்புக்கான பிடியில் இறக்கை போன்ற ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். இது நடந்தது 1943இல். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எது எது என்று தெரியும் அந்தப் பிடிகள் இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் அதே வடிவத்தில் இருக்கின்றன. நானும் அவற்றை நூற்றுக்கணக்கான முறை துடைத்திருக்கிறேன். யார் யோசனை என்று கேட்டதில்லை.

அடுத்தது உலகின் முதல் 737. 1967 ஏப்ரல் 9 அன்று பறந்தது. இதைப் பிறகு நாசா வாங்கி, கேபினுக்குள் இருக்கைகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டாவதாக ஒரு காக்பிட்டைக் கட்டியது. முன்னறையில் இரண்டு விமானிகள் பாதுகாப்புக்காக அமர்ந்திருக்க, நடுவில், வெளியே பார்க்க ஜன்னலே இல்லாத அறையில், ஆய்வு விமானிகள் திரைகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டினார்கள். இன்றைய புதிய பயணிகள் விமானங்களில் முள் காட்டும் வட்ட அளவுமானிகளின் இடத்தில் இருக்கும் திரைகளுக்கு இங்கே நடந்த சோதனைகள் பெரிதும் உதவின. 1997 வரை அந்த வேலை நடந்தது. நடைவழியில் நின்று, அந்த ஜன்னலில்லா அறை இந்த இடத்தில்தானே இருந்திருக்கும் என்று யூகித்துக்கொண்டேன். என்னை வேலையில்லாதவன் ஆக்கிய அறை அது. கோபம் வரவில்லை, பார்த்தே ஆகவேண்டும் என்று மட்டும் இருந்தது.

நாற்காலிக் கணக்குக்கும் இந்த 737 முக்கியமானது. போயிங் இதை இரண்டே விமானிகளுக்காக வடிவமைத்தது. அமெரிக்க விமானிகள் சங்கம் மூன்றாவது ஆள் இல்லாமல் பறக்க முடியாது என்று போராடியதால், சில நிறுவனங்கள் மடக்கு நாற்காலி ஒன்றில் மூன்றாமவரை உட்காரவைத்தே பல ஆண்டுகள் பறந்தன. 1981இல் குடியரசுத் தலைவர் அமைத்த குழு, இருவர் போதும், பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

முதல் 737ஐ ஓட்டியவர்கள் பிரையன் வைகிலும் லூ வாலிக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 பிப்ரவரி 9 அன்று, முதல் 747 எழுந்தபோது ஜாக் வாடலுக்குப் பக்கத்தில் இருந்தவரும் அதே வைகில்தான். பின்னால், எஞ்சின், எரிபொருள் முதலியவற்றைப் பறக்கும்போதே கவனிக்கும் விமானப் பொறியாளரின் நாற்காலியில் லூவின் சகோதரர் ஜெஸ் வாலிக். அந்த முதல் 747ம் இதே கூரையின் கீழே நிற்கிறது.

அதற்குள் நுழைந்ததும் விமானம் என்ற எண்ணமே மறைந்து, கல்யாண மண்டபம் ஒன்றுக்குள் வந்துவிட்டதாகத் தோன்றியது. எட்டடி அகலமுள்ள சரக்குப் பெட்டிகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டதால் வந்த அகலம் இது. ஒலியை மிஞ்சும் விமானங்கள் வந்துவிட்டால் இதைச் சரக்குக்குத்தான் ஓட்டப்போகிறோம் என்று அன்றைக்கு நினைத்தார்கள். மூக்கைத் தூக்கித் திறந்து சரக்கேற்ற வேண்டும் என்றால் காக்பிட் வழியில் இருக்கக்கூடாது. ஆகவே அதை மாடிக்கு அனுப்பினார்கள். அதன் பின்னால் மிஞ்சிய இடம்தான் முதல் வகுப்புப் பயணிகளின் மாடிக் கூடமாயிற்று. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து தரையில் வண்டியை ஓட்டிப் பழக வேண்டுமே என்று, ஒரு லாரியின் மேல் மூன்று மாடி உயரத்துக்குச் சட்டம் கட்டி, உச்சியில் ஒரு போலிக் காக்பிட்டை வைத்து வாடல் பயிற்சி செய்தார். அந்த லாரிக்கு வாடலின் வண்டி என்றே பெயர்.

மாடிக்குப் போகும் சுழற்படி அடைக்கப்பட்டிருந்தது. காக்பிட்டைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் பயிற்சிக்குப் போனபோது, ஏர் இந்தியாவின் 747 ஒன்றில் நுழைந்து பார்த்திருக்கிறேன். பேரரசர்களின் பெயரைச் சூட்டி, ஜன்னல்களைச் சுற்றி அரண்மனைச் சாளர வளைவுகளைச் சிவப்பில் வரைந்திருந்த விமானங்கள் அவை. அவற்றில் ஒன்றுக்கு ராஜேந்திர சோழன் என்று பெயர். வலப்பக்கச் சுவர் முழுவதையும் விமானப் பொறியாளரின் பேனல் நிறைத்திருந்தது. எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக், கேபின் அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி முள். அந்தக் காக்பிட்டில் விளக்கு, கேஜ், சுவிட்ச் எல்லாம் சேர்த்து 971. இருவர் மட்டும் ஓட்டும் 747-400 வந்தபோது அந்த எண்ணிக்கை 365 ஆனது. குறைந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சுவரில் இருந்தவை.

நான்காம் நாள்

நல்ல மழை. மகளுக்கு விடுமுறை, எவரெட் நகரத்துக்கு அழைத்துப் போனாள். கொள்ளளவில் உலகிலேயே பெரிய கட்டடம் என்று சொல்லப்படும் போயிங் தொழிற்சாலை, சுமார் 1.33 கோடி கனமீட்டர். கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேல்தளத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பூச்சோடு நிற்கும் விமானங்களின் காக்பிட்டுகள் வெறும் ஓட்டையாக, கம்பிக்கற்றைகள் தொங்க நின்றன. கடைசி 747 இங்கிருந்து 2023 ஜனவரி 31 அன்று ஒப்படைக்கப்பட்டது. மற்றபடி, நடந்தது நிறைய, பார்த்தது தூரத்திலிருந்து. திரும்பும் வழியில் மகள் வாங்கித் தந்த தோசை பரவாயில்லை.

ஐந்தாம் நாள்

மிச்சம் வைத்திருந்த மூன்றுக்காகத் திரும்பவும் அதே கூடம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் முதல் ஜெட் விமானம், வால் எண் 970. 707 வகை, 1959இல் ஐசனோவருக்காகப் பணிக்கு வந்தது. ஜான்சன் பதவியேற்றது இதில்தானே என்று பக்கத்தில் ஒருவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது வேறு விமானம், ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது. முன்னறையை எட்டிப் பார்த்தேன். இரு விமானிகள், பொறியாளர், பாதையைக் கணக்கிடும் வழிகாட்டி என்று ஆள் நிறைந்த அறை அது. வட்டவட்டமாகக் கண்ணாடிகள். பிஸ்டன் எஞ்சின் காலத்தில் எஞ்சினின் அதிர்வே ஆல்டிமீட்டர் முள்ளை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது. ஜெட் வந்ததும் அதிர்வு போயிற்று. முள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, திடீரென்று நூறடி தாவியது. ஆகவே கருவிக்கு உள்ளேயே ஒரு சின்ன வைப்ரேட்டரை வைத்து, சும்மா உட்கார்ந்திருந்த முள்ளை ஆட்டிக்கொண்டே இருக்கச் செய்தார்கள். என் மேசைக்கு வந்த ஆல்டிமீட்டர்களில் பலவற்றுக்கு அந்த வைப்ரேட்டரில்தான் கோளாறு. விரலால் தட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதை மகளுக்கு விளக்க வேண்டும்.

வழிகாட்டியின் நாற்காலியை ஒழித்தது 747. விமானத்தின் ஒவ்வொரு அசைவையும் கைரோக்களாலும் முடுக்கமானிகளாலும் அளந்து, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தானே கூட்டிச் சொல்லும் பெட்டிகள் மூன்று அதில் இருந்தன. நட்சத்திரம் பார்த்துக் கணக்குப் போட்டவர் இறங்கிக்கொண்டார்.

அடுத்து, ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட். 2003 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கடைசியாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற அதே விமானம், நவம்பர் 5 அன்று நியூயார்க்கிலிருந்து 3 மணி 55 நிமிடத்தில் இங்கே பறந்து வந்து நின்றது. கதவில் குனிந்துதான் நுழைந்தேன். பக்கத்துக்கு இரண்டாக, நூறே இருக்கைகள். ஜன்னல் உள்ளங்கையளவுதான்: அறுபதாயிரம் அடி உயரத்தில் கண்ணாடி உடைந்தால் காற்று மெதுவாக வெளியேற வேண்டும், விமானி கீழே இறங்க நேரம் வேண்டும் என்பதற்காக.

காக்பிட்டின் முன் ஒரு தன்னார்வலர் நின்றிருந்தார், எழுபதைக் கடந்தவர். நான் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் என்றதும் முகம் மலர்ந்து, தான் 727இல் விமானப் பொறியாளராக இருந்ததாகச் சொன்னார். ஒலியின் இரு மடங்கு வேகத்தில் உடல் சூடேறி இந்த விமானம் ஒரு சாணுக்கு மேல் நீளும். அப்போது பொறியாளரின் பேனலுக்கும் அதன் பின்னாலிருக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு இடைவெளி திறக்கும். வேகம் குறைந்து குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். கடைசிப் பயணத்தில் பொறியாளர் தன் தொப்பியைக் கழற்றி அந்த இடைவெளியில் செருகினார். விமானம் குளிர்ந்தது, சுவர் தொப்பியைக் கவ்விக்கொண்டது. இனி அது வெளியே வர வேண்டுமென்றால் இந்த விமானம் மறுபடி அந்த வேகத்தில் பறக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியை எவனோ ஒருமுறை அறுத்துக்கொண்டு போனான். கேள்வி கேட்கமாட்டோம், கொடுத்துவிடுங்கள் என்று அறிவித்ததும் அது திரும்பி வந்தது.

"அந்த நாற்காலி மூடப்பட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். விமானி உரிமம் எடுத்து முன் நாற்காலிக்கு மாறிக்கொண்டாராம். "முன்னால் ஜன்னல் இருந்தது, ஆனால் பின்னால்தான் வேலை இருந்தது" என்றார். கான்கார்டைப் பொறுத்தவரை அது முழு உண்மை. வேகம் ஏற ஏற இறக்கையின் தூக்குவிசை தாங்கும் இடம் பின்னால் நகர்வதால், டன் கணக்கில் எரிபொருளை முன்னும் பின்னுமாகத் தொட்டி மாற்றிக்கொண்டே இருப்பது அந்தப் பக்கவாட்டு நாற்காலியின் வேலை.

787ஐக் கடைசியாகப் பார்த்தேன். ஜன்னலுக்குத் திரையே இல்லை. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மெல்ல நீலமாகி இருள்கிறது. கார்பன் இழை உடல் அதிக அழுத்தத்தைத் தாங்குவதால் கேபின் 6,000 அடி அளவிலேயே வைக்கப்படுகிறது: ஊட்டிக்குப் பதில் குன்னூர். துருப்பிடிக்கும் கவலை குறைவு என்பதால் காற்றில் ஈரப்பதத்தையும் சற்றுக் கூட்டியிருக்கிறார்கள். முன்னறையில் இரண்டு நாற்காலிகள், ஐந்து பெரிய திரைகள். தட்டிப் பார்க்க ஒரு முள்கூட இல்லை. நடுவே, சக்கர வடிவப் பிடி மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

ஆறாம் நாள்

திரும்பும் விமானமும், வந்ததைப் போலவே, போயிங் 777. ஏறும்போது வரிசை நின்றது. காக்பிட் கதவு திறந்திருந்தது. இரண்டு விமானிகளும் திரையில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளருக்கான நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடிக்கு மேலே, எலுமிச்சம்பழ அளவில், திரவத்தில் மிதக்கும் காம்பஸ். மின்சாரமே இல்லாமல் போனாலும் வடக்கைக் காட்டும் கருவி. அதை விமானத்தில் பூட்டிய பிறகு, விமானத்தை இழுத்துக்கொண்டு போய்த் திறந்தவெளியில் நிறுத்தி, திசை திசையாகத் திருப்பி, எந்தத் திசையில் எத்தனை பாகை பிசகுகிறது என்று பார்த்து, ஒரு சிறிய அட்டையில் எழுதிக் காம்பஸுக்கு அடியில் செருக வேண்டும். ஓய்வுபெற்ற வாரத்தில் நான் கடைசியாகச் செய்த வேலை அது.

அட்டை இருந்தது. எண்களை யாரோ நீல மையில், கையால் எழுதியிருந்தார்கள். மூன்றை அடித்துவிட்டு இரண்டு என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டிருந்தார்கள். பின்னால் நின்றவர் பையால் இடித்ததால் நகர்ந்தேன். என் இருக்கை 31ஏ. விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தேன், அணைந்தது.